ஒழுகாத ஒரே இடம்

எய்யா,

இந்தக் கடிதத்தை நான் பாத்ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். சிரிக்காதே. நாலு வருஷத்துக்கு முன்னால் நீ ஆள் வைத்துக் கட்டிக் கொடுத்தாயே, அதே பாத்ரூம்தான். வெஸ்டர்ன் டாய்லெட்டை மூடி, அதன் மேல் ஒரு பலகையைப் போட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உன் அம்மா. நீ சுவரில் பதித்த எவர்சில்வர் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, இன்னொரு கையால் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய வாக்கரை மடக்கி வெளியே சாத்தி வைத்திருக்கிறேன். நல்ல சாரல். வீட்டில் இப்போது ஒழுகாத இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் இதற்கு மட்டும்தான் கான்கிரீட் தளம் இருக்கிறது. மற்ற அறைகளுக்கெல்லாம் மூன்று வாரமாக நீலத் தார்ப்பாய்தான் கூரை. காற்று ஓங்கும்போதெல்லாம் நானும் உன் அம்மாவும் இங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறோம். காற்று அடங்கினால் முன்னறைக் கட்டிலுக்குப் போகிறோம். ஒரு நாளைக்கு நாலைந்து தடவை இந்தப் பிரயாணம் நடக்கிறது.

உனக்கு இது எதுவும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் வரும்போது நான் போனைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவேன். மேற்கே மலையையும் மேகத்தையும் காட்டுவேன். நீயும் சென்னையில் விசிறிக்கடியில் உட்கார்ந்துகொண்டு, "செம சாரல்ப்பா, கொடுத்து வச்சவங்க நீங்க" என்பாய். நானும் ஆமாமய்யா, இந்த வருஷம் சூப்பர், ஐந்தருவியில் கூட்டம் தாங்கலை என்பேன். அம்மாவைக் காட்டச் சொன்னால் பாத்ரூமுக்குள் கொண்டுபோய்ப் போனை நீட்டுவேன். முதல் ஞாயிறு கை கழுவ வந்தேன் என்றாள். இரண்டாவது ஞாயிறும் கை கழுவ வந்தேன் என்றாள். மூன்றாவது ஞாயிறு நீயே சிரித்துவிட்டு, என்னம்மா நான் கட்டின பாத்ரூம் அவ்வளவு பிடிச்சுப்போச்சா என்று கேட்டாய். அவளும் சிரித்தாள். போனை வைத்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நம் ஊர்க்காரனுக்கு இது ஒரு வியாதி. வெளியூரில் இருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி சாரல் இருக்கா என்பதுதான். இருக்கிறது என்று சொல்வது இங்கே மரியாதை. அருவியில் தண்ணீர் விழுந்தால்தான் லாட்ஜ்காரனுக்கும் ஆட்டோக்காரனுக்கும் எண்ணெய் தேய்த்து விடுகிறவனுக்கும் பிழைப்பு. அதனால் சாரலைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஐப்பசியில் அடித்துப் பெய்வதுதான் எங்களுக்கு மழை. ஆனியில் வருவது மழை இல்லை, சாரல். குடை எடுக்காமல் நடப்போம், ஜன்னலைச் சாத்த மாட்டோம், துணி நனைந்தால் காயட்டும் என்று விடுவோம். "சாரல்தானே" என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறோம். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நான் உன் அம்மாவை முடமாக்கினேன். அதைத்தான் இந்தக் கடிதத்தில் சொல்லப்போகிறேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை ஆரம்பித்தேன். வாய் பழக்கதோஷத்தில் நல்லா இருக்கோம் என்று சொல்லிவிடுகிறது. பேனாவுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

முதலில் அம்மா விழுந்த கதை. நீ நினைத்துக்கொண்டிருப்பதுபோல் அவள் பாத்ரூமில் வழுக்கி விழவில்லை. அடுக்களையில் விழுந்தாள். நீ பாத்ரூம் கட்டின அந்த வருஷம், மாசி மாசத்தில் ஒரு நாள் காலையில் காப்பி குடிக்க உட்கார்ந்தபோது, அடுக்களை மாவு டின் மேல் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு வெயில் விழுந்திருந்ததைப் பார்த்தேன். அண்ணாந்து பார்த்தால் ஓடு உடைந்திருக்கிறது. குரங்குதான் என்று நினைத்தேன். நம் பக்கம் குரங்குகளுக்கு என்ன பஞ்சம்? குற்றாலத்தில் வாழைப்பழம் கிடைக்காத நாளில் மேலகரம் தாண்டி நம் தெருவுக்கு வந்து, ஓட்டின் மேல் குடும்பத்தோடு ஓடிப் பிடித்து விளையாடிவிட்டுத்தான் போகும். அன்று ஆரம்பித்து நாலு வருஷமாக அந்தக் குரங்குகளை நான் வைத வசவு கொஞ்சநஞ்சமில்லை. உன் அம்மா ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஒரு ஓட்டை மாற்றுவது எனக்கு ஒரு வேலையா? முப்பத்து இரண்டு வருஷம் கரண்ட் கம்பத்தில் ஏறி இறங்கியவன். தெருவில் யார் வீட்டில் ஓடு நகர்ந்தாலும், டிஷ் ஆன்டெனா சாய்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சித்திரை பிறந்ததும் ஏறி, ஓட்டு இடுக்கில் கிடக்கும் வேப்பஞ்சருகைக் கூட்டித் தள்ளி, பாசியைச் சுரண்டி, முகட்டு ஓட்டுக்கு மட்டும் கொஞ்சம் சிமெண்ட் பூசி இறங்குவேன். அரை நாள் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் செய்துவிட்டால் ஓட்டு வீடு நூறு வருஷம் நிற்கும். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இப்போது தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த மாசியில் ஏணியைச் சாத்தினேன். நாலாவது படியில் கால் நடுங்கியது. பயம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு உயரத்தில் பயம் கிடையாது. கண்ணுக்கு முன்னால் சுவர் மெல்லச் சுற்றியது. இறங்கி, வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்தார்களா என்றுதான் முதலில் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை. ஏணியைக் கொண்டுபோய் மாடில்லாத தொழுவில் போட்டுவிட்டேன். அன்றிலிருந்து இன்றுவரை நான் மேலே ஏறவில்லை. இதை உன் அம்மாவிடம்கூடப் போன வாரம்தான் சொன்னேன். வேறு ஒருத்தனைக் கூப்பிட்டு ஏற்றியிருக்கலாம். கூப்பிட்டால், அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு என்று தெரு கேட்கும். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு, மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று ஓட்டினேன். ஒரு பழைய கட்சி பேனரைக் கிழித்து, கம்பால் குத்தி ஓட்டுக்கு அடியில் சொருகி வைத்தேன். அம்மா கேட்டதற்கு, சாரல்தானே, ஐப்பசி மழைக்கு முன்னால் மாத்திருவோம் என்றேன்.

மழை நேராக விழும். ஒழுகினால் சொட்டும் இடம் தெரியும், வாளி வைக்கலாம். சாரல் அப்படி இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றோடு படுத்து வரும். ஓட்டின் வாய்க்குள் புகுந்து, கூரையைத் தாங்கும் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்து, எங்கேயோ ஒரு மூலையில் சத்தமில்லாமல் கசியும். நான் வாளி வைத்தது அடுப்புக்குப் பக்கத்தில். தண்ணீர் இறங்கியது வாசல்படிக்கு உள்ளே, நம் காவித் தரையில். ஆனியில் ஒரு நாள் விடிந்ததும் காப்பி போட உன் அம்மா உள்ளே கால் வைத்தாள். நான் முன்னறையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு எழுந்துபோவதற்குள், "ஏங்க, என்னால எந்திரிக்க முடியல" என்றாள். கத்தக்கூட இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் இடுப்புக்குப் பிளேட் வைக்க வேண்டும் என்று சொன்ன பிறகுதான் உனக்குப் போன் போட்டேன். என்னாச்சுப்பா என்று நீ கேட்டாய். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவள் கையை நீட்டிப் போனை வாங்கி, "ஒண்ணுமில்லய்யா, பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவளுக்கு அந்த நேரத்தில் எப்படித்தான் அந்தப் பொய் தோன்றியதோ. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நன்றியோடு தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மனுஷன் நன்றியோடு தலைகுனியக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

நீ ஓடி வந்தாய். ஆபரேஷன் முடிந்து அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போனாய். நீயும் மருமகளும் அவளை எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதில் ஒரு சொல் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டாவது மாடியில் ஒரு மாசம் உன் அம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தபடி, இங்கன யார்ட்டப் பேச, இங்கன யார்ட்டப் பேச என்று என்னிடம் போனில் அழுதாள். அவளைத் திரும்பக் கொண்டுவந்து விடும்போது நீ பத்து நாள் லீவு போட்டாய். லேப்டாப்பில் படம் வரைந்துகொண்டு வந்திருந்தாய். வழுக்காத டைல்ஸ், கம்பி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல், மேலே கான்கிரீட். பழைய பாத்ரூமை இடித்து, கூட நின்று கட்டினாய். நான் ஒவ்வொரு நாளும் இன்று சொல்லிவிடுவோம் என்றுதான் எழுந்தேன். கொத்தனார்கூட ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, அடுக்களையில்லா ஒழுகுது. அதையும் சேத்துப் பாத்துருவமா?" என்று கேட்டார். நீ வெளியே மணல் லாரிக்காரனிடம் பேசிக்கொண்டிருந்தாய். உம் வேலையை மட்டும் பாரும் என்று அவர் வாயை அடைத்தேன். நீ ஊருக்குப் போன மறுநாள் அவரையே கெஞ்சி ஏற்றி, உடைந்த ஓட்டை மாற்றினேன். கைமரம் தண்ணி குடிச்சிருக்கு, காயவிட்டு எண்ணெய் அடிங்க, இல்லைன்னா கரையான் வந்துரும் என்று சொல்லி இறங்கினார். செய்கிறேன் என்றேன். செய்யவில்லை.

கிளம்பும்போது ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "இன்னொரு தடவை இப்படி எதாவது நடந்துச்சுன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரையும் தூக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது." அன்பில்தான் சொன்னாய். அன்றிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் உனக்குப் பயந்து வாழ்கிறோம். ஜுரம் வந்தால் சொல்வதில்லை. கரண்ட் போனால் சொல்வதில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒளித்து வீட்டில் ஒழுகும் தண்ணீரைத் துடைக்கிற பிழைப்பு இருக்கிறதே, அது பெரிய கேவலமப்பா.

இந்த வருஷம் பங்குனியில் அடுக்களைப் பக்கத்து உத்திரம் தொய்ந்து கீழே வாங்கியது. கண்ணுக்கே தெரிந்தது. சரி, நீ ஆவணியில் வருவதற்குள் ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகர ஷீட் போட்டுவிடலாம், வந்து பார்க்கும்போது அப்பா தானாகவே செய்துவிட்டார் என்று நீ சந்தோஷப்படுவாய் என்று கணக்குப் போட்டேன். ஓட்டின் மேல் எனக்கு ஒரு பாசமும் இல்லை. ஷீட் போடுகிறவனிடம் நானே உட்கார்ந்து பாடம் நடத்தினேன். ஒரு ஷீட்டின் மேல் இன்னொரு ஷீட் ஏறும் விளிம்பு மேற்கைப் பார்த்து வாய் திறந்திருக்கக் கூடாது, ஸ்க்ரூவைக் குழியில் அடிக்காமல் மேட்டில் அடி என்றெல்லாம். நீ எப்போதாவது சொந்தமாக வீடு கட்டினால் இந்த இரண்டையும் மறந்துவிடாதே. சரி அண்ணாச்சி, நாலே நாளில் முடித்துவிடலாம் என்றான். வைகாசி கடைசியில் ஓட்டைப் பிரித்தார்கள். பிரித்த பிறகுதான் தெரிந்தது, உத்திரம் மட்டுமில்லை, கைமரம் அத்தனையும் உள்ளே பொடி. விரலால் குத்தினால் உள்ளே போகிறது. இதன் மேல் ஷீட் ஏற்ற முடியாது, சுவரோடு இரும்புச் சட்டம்தான் அடிக்கணும், வெல்டரைக் கூட்டி வருகிறேன் என்று தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனான். மறுநாள் சாரல் பிடித்துக்கொண்டது. வழக்கத்துக்குப் பத்து நாள் முன்னாலேயே. டிவியில் எல்லாரும் குதித்தார்கள், சீசன் ஆரம்பம் என்று.

சீசன் ஆரம்பித்துவிட்டால் இங்கே ஒரு வேலையாள் கிடைக்க மாட்டான் என்பது உனக்குத் தெரியாததா? வெல்டர் குற்றாலத்தில் கடை போட்டு மிளகாய் பஜ்ஜி சுடுகிறான். ஷீட் போடுகிறவன் மச்சினனோடு சேர்ந்து வேன் ஓட்டுகிறான். போன் செய்தால் ஏக மரியாதை. ஈரத்துல சுவத்து மேல நிக்க முடியாது அண்ணாச்சி, சாரல் நின்னு ரெண்டு நாள் வெறிக்கட்டும் வாரேன் என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். வேறு எங்காவது போய்த் தங்கலாம் என்றால் லாட்ஜ் அத்தனையும் நிறைந்து கிடக்கிறது. வாசுதேவநல்லூரில் உன் மாமா வீடு இருக்கிறது. போவோமா என்றேன். அங்கே போய் இறங்கின ஒரு மணி நேரத்தில் என் தம்பி நம்ம பிள்ளைக்குப் போன் போட்டுருவான், வேண்டாம் என்றுவிட்டாள் உன் அம்மா. அதற்கு மேல் எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் தார்ப்பாயில் தேங்கின தண்ணீரைக் கம்பால் முட்டி வெளியே தள்ளுகிறேன். மேற்கே பார்க்கிறேன். வானம் வெறிக்கவில்லை. திரும்ப உள்ளே வந்து துடைக்கிறேன்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு பாத்ரூமுக்கு நடந்துகொண்டிருந்தோம். வாக்கரின் ஒரு கால் ஈரத்தில் சறுக்கியது. பின்னால் வந்துகொண்டிருந்த நான் பிடித்துவிட்டேன். கீழே அடிபடவில்லை. ஆனால் அவள் பாரம் என் மேல் சாய்ந்ததும் என் காலும் மடங்கிவிட்டது. இரண்டு பேரும் மெல்லத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க முடியவில்லை. அவளைத் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. நான் மட்டும் எழுந்திருக்கப் பார்த்தேன், அதுவும் முடியவில்லை. போன் கட்டிலில் கிடந்தது. கூப்பிட்டால் காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. மேலே தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. உன் அம்மா முதலில் சிரித்தாள். நல்லா சோடி சேந்தோம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் பால் ஊற்ற வந்த பெண் பார்த்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரைக் கூட்டி வந்து எங்களைத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். இரண்டு மணி நேரம் அந்த ஈரத்தில் கிடந்திருக்கிறோம். அன்றுதான் இதற்கு மேல் ஒளிக்க என்னிடம் திராணி இல்லை என்று தெரிந்தது.

உனக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் வேறு யாரிடம் சொல்வேன். உன்னால் ஒன்று முடியாமல் போகும் நாள் வரும். அன்றைக்கே வீட்டில் சொல்லிவிடு. நாலாவது படியில் கால் நடுங்கிய அன்று நான் உள்ளே வந்து, என்னால் இனி ஏற முடியாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் உன் அம்மா இன்றைக்கு வாக்கர் இல்லாமல் கோயிலுக்குப் போய்வந்துகொண்டிருப்பாள். இன்னொன்று, உன் பிள்ளை மேல் கை நீட்டாதே. உனக்குப் பன்னிரண்டு வயசில் பந்து எடுக்க நீ ஓட்டின் மேல் ஏறினாய். ஓட்டுக்கு அடியில் தாங்கும் ரீப்பர் கட்டை எங்கே போகிறது என்று தெரியாமல் நடு ஓட்டில் மிதித்து மூன்று ஓட்டை உடைத்தாய். தெருவே பார்க்க உன்னை அறைந்தேன். விழுந்து செத்திருப்பாயே என்ற பயத்தில்தான் அறைந்தேன், ஆனால் வாயில் வந்தது ஓட்டைப் பற்றித்தான். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதையும் உடைத்தேன் என்று வந்து சொன்னதே இல்லை. நீ ஒழுங்காக வளர்ந்துவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இதுவரை எழுதியதை இப்போது உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை. எழுதவே கூடாது என்று சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கீரையை உருவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். குரங்கு பற்றிய இடம் வந்ததும் கை நின்றது. முழுசும் படித்து முடித்த பிறகு, "அது குரங்கு இல்லீங்க" என்றாள். பின்னே என்ன என்றேன். "நம்ம பிள்ளதான்."

அந்த வருஷம் பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது, நான் ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரத்தில், மலையைப் போட்டோ எடுக்க ஓட்டின் மேல் ஏறினாயாம். அடுக்களைக்கு மேலே மிதித்ததில் ஓடு உடைந்து உன் குதிகால் உள்ளே தெரிந்ததாம். முப்பது வயசுக்கு மேலான ஆள், முகம் வெளிறி இறங்கி வந்து, அப்பாட்டச் சொல்லாதம்மா என்றாயாம். நான் பாத்துக்கிடுதேன், நீ போ என்றாளாம். நான் கத்துவேன் என்று பயந்து அவளும் என்னிடம் சொல்லவில்லை. கத்தியிருப்பேன்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்துகொண்டு அவள் பாத்ரூம் என்று சொன்னது என்னைக் காப்பாற்ற இல்லையாம். நீ உடைத்த ஓட்டில் இறங்கின தண்ணீர் என்று உனக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவாம். என்னை அவள் அப்போது நினைக்கவே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புகூட வந்தது. எனக்கு வரவில்லை.

இதை எழுதாதீங்க, பிள்ளை தாங்க மாட்டான் என்கிறாள். நானும் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது. பாத்ரூம் கட்டிய அந்தப் பத்து நாளும் நீ அடுக்களைக்குள் வரவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால் வாசலில் நின்று கேட்டாய். சாப்பாட்டை முன்னறைக்குக் கொண்டுவரச் சொன்னாய். பட்டணத்துப் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த எந்தத் தடவையும் நீ அந்த அறையில் தலை நிமிர்ந்து பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று நான் கேட்கப் போவதில்லை. தெரிந்து, இந்த நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாமல் நீ ஒருத்தனாக இதைச் சுமந்துகொண்டிருந்தாய் என்றால், அதற்காகத்தான் எழுதுகிறேன். கேட்டுக்கொள். ஓடு உடைய ஒரு நிமிஷம்தான் ஆயிற்று. ஓடு உடையத்தான் செய்யும். அந்த வெளிச்சத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே காப்பி குடித்தவன் நான். உன் அம்மா விழுந்தது என்னால். உன்னால் இல்லை. இதை நீ என் வாயால் கேட்க வேண்டும் என்றால் நேரிலும் சொல்கிறேன்.

லீவு போட்டுவிட்டு வா. இத்தனை வருஷத்தில், வேலையைக் கெடுத்துக்கொண்டு வராதே என்றுதான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது வா என்று சொல்கிறேன். வந்து, அடுக்களையில் நின்று, மேலே பார். வீட்டைப் பூட்டிவிட்டு எங்களைக் கூட்டிப் போவது என்று நீ முடிவு செய்தால் நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். அம்மாவுக்கு இஷ்டமில்லை என்பதை மட்டும் தெரிந்து வைத்துக்கொள். கூரையைப் போட்டுவிட்டு எங்களை இங்கேயே இருக்க விடுவாய் என்றாலும் சரி. எது நல்லது என்று எனக்கே தெரியவில்லை. என்னால் முடிந்ததெல்லாம் தார்ப்பாயை முட்டித் தள்ளுவது மட்டும்தான்.

அனுப்பட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். கீரைக் காம்புகளையெல்லாம் பேப்பரில் சுருட்டி வைத்தாள்.

"வரச் சொல்லுங்க" என்றாள். "மேல மட்டும் ஏற வேண்டாம்னு எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

உன் அப்பா